எச்சரிக்கை விளக்கும் பழைய வண்டியும்

(கந்தப்பளையில் நடைபெற்ற எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் இலக்கியம் பேசப்படுகிறது, சமயம் பேசப்படுகிறது, சமூக முன்னேற்றம் பேசப்படுகிறது. நாமோ பழைய மோட்டார் வண்டியின் சிறு பழுதுகளைப் பற்றியும், அதன் முகப்பில் எரியும் எச்சரிக்கை விளக்குகளைப் பற்றியும் பேச அனுமதி கேட்டோம். செயலாளர் அவர்கள் சற்றே புன்னகை செய்தார்கள். "பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை, கராஜ் பேச்சா பேசப் போகிறது?" என்று பெரியவர் ஒருவர் கேட்டதும் எமது காதில் விழுந்தது. கேள்வி நியாயமானதே. அதற்கு விடையாக முதலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டுப் பொருளுக்குள் புகுகின்றோம்.

நமது அயல் தோட்டமொன்றில் ஓர் அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றார். கைக்கு வந்த ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை அப்படியே மூத்த மகனிடம் கொடுத்தார். மகன் எமது பாடசாலைத் தோழன். கொழும்பில் கடையில் நின்று தான் சேர்த்ததையும் அதனோடு கூட்டி, 1980களில் செய்யப்பட்ட ஜப்பானிய கார் ஒன்றை வாங்கினான். வாடகைக்கு ஓடும், குடும்பத்துக்கும் உதவும் என்பது அவன் எண்ணம். வாங்கிய மூன்றாம் மாதம், தை மாதத்துப் பனி கொட்டும் ஓர் இரவில், அவன் தங்கைக்குப் பிரசவ வலி கண்டது. லயத்திலிருந்து நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். நாமும் துணையாக முன் ஆசனத்தில் ஏறிக்கொண்டோம்.

பாதி வழியில் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போன்ற சத்தம் எழுந்தது. சிறிது தூரத்தில் வண்டி இறுகி நின்றுவிட்டது. மீற்றர்ப் பலகையில் ஒரு விளக்கும் எரியவில்லை. இருளிலும் பனியிலும் வீதியோரத்தில் நின்றோம். தெய்வாதீனமாக லீக்ஸ் ஏற்றிய லொறி ஒன்று வந்தது. அந்தச் சாரதி அண்ணன் ஒரு வார்த்தையும் கேளாமல் உதவியாளரைப் பின்னால் மூட்டைகள் மேல் ஏறச் சொல்லி, தாயையும் மகளையும் தம் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு போனார். ஆண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

மறுநாள் கராஜ் பாஸ் வண்டியைத் திறந்து பார்த்தார். எஞ்சினில் எண்ணெய் ஒரு கோப்பை அளவுகூட இல்லை. "விளக்கு எரியவில்லையே, பாஸ்!" என்று நண்பன் அழாத குறையாகச் சொன்னான். பாஸ் பேசாமல் மீற்றர்ப் பலகையைக் கழற்றிப் பின்புறத்தைக் காட்டினார். எண்ணெய் விளக்கின் பல்ப் இருக்க வேண்டிய குழி வெறுமையாயிருந்தது. முன்பு அவ்வண்டியை வைத்திருந்த யாரோ, விளக்கு அடிக்கடி எரிவது தொல்லை என்று, எண்ணெய் ஒழுக்கை நிறுத்துவதை விட்டுப் பல்பைக் கழற்றி எறிந்திருந்தார்!

அந்த அம்மா மகனை ஒரு சொல் கடியவில்லை. "புள்ள பொழச்சதே போதும்" என்றார். ஆனால் முப்பது ஆண்டுக் கொழுந்துக் கூடையின் பயன் அந்த வெறுமையான குழிக்குள் போயிற்று. பௌதிகத்தில் திறமைச் சித்தி பெற்ற நாம், அம்மூன்று மாதமும் அந்தக் காரில் ஏறி இறங்கினோம். எண்ணெய்க் கோலை ஒரு நாளாவது இழுத்துப் பார்த்தோமில்லை. அந்த வெட்கமே இவ்வுரைக்குக் காரணம்.

அன்பர்களே, நமது பெரியோர் வாலிபராயிருந்த காலத்தில் கார் என்றால் துரையின் கார்தான். ஒஸ்ரினும் மொரிஸ் மைனரும் இம்மலைப் பாதைகளில் ஏறின. முன்புறத்தில் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினால் எஞ்சின் கிளம்பும். லொறி ஏற்றத்தில் திணறினால் கிளீனர் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போடுவார். 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டு, ஜப்பானில் ஓடிய வண்டிகள் இங்கு வந்து குவிந்தன. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வண்டியின் விலை மலையேறிற்று. ஆகவே நமது இளைஞர் வாங்குவது பெரும்பாலும் மூன்றாம் கை, நான்காம் கை வண்டிதான். அதிலும் வண்டியோடு வரும் கைநூல் ஜப்பானிய மொழியில் இருக்கும்; அல்லது கைநூலே இராது. இந்நிலையில் வண்டி தானாகச் சொல்வதை வாசிக்கக் கற்பதே நமக்கு உள்ள வழி.

வண்டி பேசும் மொழி நிறமும் படமும் ஆகும். சிவப்பு, "நில்" என்கிறது. மஞ்சள், "ஓட்டலாம், ஆனால் விரைவில் கவனி" என்கிறது. பச்சையும் நீலமும் வெறும் செய்தி, அச்சம் வேண்டா. படங்களும் உலகம் எங்கும் ஏறத்தாழ ஒன்றே. சர்வதேச நியமங்கள் அமைப்பின் 2575 ஆம் இலக்க நியமம் இவற்றை வகுத்துள்ளது. ஜப்பானில் செய்ததாயினும் இந்தியாவில் செய்ததாயினும் எண்ணெய்க் குவளை எண்ணெய்க் குவளையே. ஆகவே ஆங்கிலம் அறியாத நம் தாத்தாவும் இதனை வாசிக்கலாம்.

நீல விளக்குப் பற்றி ஒரு சொல். டொயோட்டா விட்ஸ், சுசுகி வேகன் ஆர் போன்ற வண்டிகளில் நீல நிறத்தில் வெப்பமானிப் படம் ஒன்று காலையில் எரியும். எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்பதே அதன் பொருள். கொழும்பில் சீக்கிரம் அணைவது கந்தப்பளைக் குளிரில் சற்று நேரம் நிற்கும். அதைக் கண்டு பயந்து கராஜுக்கு ஓடியவர்களை நாம் அறிவோம். அது அணையும் வரை எஞ்சினை முறுக்காமல் மெல்ல ஓட்டினால் போதும்.

இனி, இவ்வுரையில் எதை மறந்தாலும் மறக்கக் கூடாத ஒரு சோதனையைச் சொல்லுகின்றோம். சாவியை ஒரு படி திருப்புங்கள். எஞ்சினைக் கிளப்ப வேண்டா. எண்ணெய், பற்றரி, எஞ்சின், பிரேக் முதலிய விளக்குகள் யாவும் எரிய வேண்டும். வண்டி தன் விளக்குகளைத் தானே பரிசோதிக்கும் நேரம் அது. எஞ்சின் கிளம்பியதும் அவை அணைய வேண்டும். எரிந்து அணையாத விளக்கு ஒரு பழுதைச் சொல்கிறது. எரியவே எரியாத விளக்கோ, பழுதைச் சொல்லும் வாயை யாரோ கட்டியிருக்கிறார்கள் என்று சொல்கிறது. பின்னதே பெரிய ஆபத்து. எமது நண்பன் இந்த ஒரு நிமிடச் சோதனையை அறிந்திருந்தால் அந்தக் காரை வாங்கியிருக்க மாட்டான்.

சிவப்பு விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது எண்ணெய் விளக்கு. ஓடும்போது இது எரிந்தால் எண்ணெயின் அழுத்தம் போய்விட்டது என்று பொருள். வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்பது இங்கே செல்லாது. பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். சில நிமிட ஓட்டத்திலேயே உள்ளிருக்கும் உருளைகள் உராய்ந்து அழிந்துவிடும். நம் மலையில் இவ்விளக்கு வேறொரு விதமாகவும் பேசும். செங்குத்தான ஏற்றத்திலோ கடும் வளைவிலோ ஒரு கணம் மின்னி, சமநிலத்தில் அணைந்துவிடும். "சும்மா மின்னுகிறது" என்று விட்டுவிடுகிறோம். எண்ணெய் குறைந்திருப்பதனால், சரிவில் அது ஒரு பக்கம் ஒதுங்க, உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கிறது. அதுவே முதல் எச்சரிக்கை. வாரம் ஒருமுறை எண்ணெய்க் கோலைப் பார்க்க வேண்டும். லய வாசலில் சரிவில் நிறுத்திப் பார்த்தால் அளவு பொய் சொல்லும். கோயில் முன்றில் போன்ற சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும்.

எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால்கோப்பி நிறத்தில் பசை படிந்திருந்தால் பலர் கலங்குவர். எண்ணெயோடு தண்ணீர் கலந்ததற்கு அது அடையாளம்தான். ஆனால் பனிக்காலத்தில் கிட்டிய தூரம் மாத்திரம் ஓடும் வண்டியில் வெறும் ஈரத்தினாலும் மூடியில் சிறிது படியும். மூடியைத் துடைத்துவிட்டு ஒரு நீண்ட பயணம் போய் வாருங்கள். மீண்டும் படிந்தாலோ, எண்ணெய்க் கோலிலும் அந்நிறம் தெரிந்தாலோ, ரேடியேற்றர்த் தண்ணீர் குறைந்துகொண்டே போனாலோ பாஸிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது. காலையில் குழாயிலிருந்து வரும் வெண்ணிற ஆவியும் அவ்வாறே. எஞ்சின் சூடேறியபின் மறைந்தால் குற்றமில்லை. மறையாத வெண்புகை தண்ணீர் எரிவதையும், நீலப்புகை எண்ணெய் எரிவதையும், கரும்புகை எரிபொருள் மிகுவதையும் காட்டும்.

இரண்டாவது வெப்ப விளக்கு. மிஷன் பாடசாலையில் எமக்குப் பௌதிகம் கற்பித்த ஆசிரியர், நீரின் கொதிநிலை 100 பாகை என்று நாம் ஒப்புவித்தபோது, "எந்த ஊரில்?" என்று கேட்டார். ஆயிரம் அடி ஏற ஏறக்குறைய ஒரு பாகை குறையும். ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட நம் ஊரில் திறந்த பாத்திரத்து நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். எஞ்சினோ சுமார் 90 பாகையில் வேலை செய்வது. அப்படியாயின் ஏன் எல்லா வண்டியும் கொதிக்கவில்லை? ரேடியேற்றரின் மூடிதான் காரணம். அது உள்ளே அழுத்தத்தை நிறுத்தி வைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. மூடியின் றப்பர் வளையம் தேய்ந்தால், கரையோரத்தில் எப்படியோ சமாளித்த வண்டி இங்கே ஏற்றத்தில் கொதிக்கும். எஞ்சினை இறக்கிப் பெருஞ்செலவு செய்வதற்கு முன், மலிவான அந்த மூடியைச் சோதியுங்கள்.

வெப்பம் ஏறக் கண்டால் குளிரூட்டியை நிறுத்தி, சூடாக்கியை முழுமையாகத் திறந்துவிட்டால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு வெளியேறும். விளக்கு எரிந்துவிட்டாலோ ஆவி கிளம்பினாலோ நிறுத்தி அணைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பாயும். குறைந்தது அரை மணி நேரம் பொறுத்து, கைக்கு இதமான பின்பே திறக்க வேண்டும். அவசரத்துக்குப் பீலித் தண்ணீர் ஊற்றலாம். அதையே வழக்கமாக்கினால் உள்ளே துரு ஏறும். அதற்கென விற்கும் குளிர்திரவமே முறையானது.

மூன்றாவது பற்றரி விளக்கு. எஞ்சின் ஓடும்போது இது எரிந்தால் மின் ஊட்டம் நின்றுவிட்டது என்பது பொருள்; வண்டி சேமிப்பில் இருந்து செலவு செய்துகொண்டிருக்கிறது. வானொலி, குளிரூட்டி முதலியவற்றை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் அருகிலுள்ள கராஜை அடையலாம். ஆனால் இதனோடு வெப்பமும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கக் கூடும். பல வண்டிகளில் ஒரே பெல்ட்டே தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. அப்போது உடனே நிறுத்துக. இரு விளக்கைச் சேர்த்து வாசிக்கத் தெரிந்தவருக்குப் பாதி நோய் தெரிந்துவிடும்.

விடியற்காலையில் வண்டி கிளம்பாமை நம் ஊரில் பொதுவான குறை. குளிரில் பற்றரியின் வலு குறையும்; எண்ணெயும் தடித்து எஞ்சினைச் சுழற்றுவது பளுவாகும். இங்கே காதே கருவி. சாவியைத் திருப்ப, "டிக் டிக் டிக்" என்று தொடர்ந்து கேட்டால் பற்றரி தளர்ந்தது. "டக்" என்று ஒரே ஒலி கேட்டு நின்றால் ஸ்டாட்டர் மோட்டாரையோ அதன் வயர் இணைப்பையோ பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளாவிட்டால் பெற்றோலோ தீப்பொறியோ எட்டவில்லை. ஒலியும் இல்லை, விளக்கும் இல்லை என்றால் பற்றரியின் முனைகளைப் பாருங்கள். வெண்பச்சைத் தூள் படிந்திருக்கும். கழற்றும்போது கறுப்பு வயரை முதலில் கழற்றி, வெந்நீரால் கழுவித் துடைத்து, பூட்டும்போது கறுப்பைக் கடைசியில் பூட்ட வேண்டும். ஓட்டோ கியர் வண்டியாயின் கியர் கோல் பார்க்கிங்கிலோ நியூட்ரலிலோ இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதை மறந்து மெக்கானிக்கை அழைத்த பட்டதாரி ஒருவரையும் நாம் அறிவோம், பெயர் வேண்டா!

பற்றரியின் நிலையைச் சில நூறு ரூபாவுக்கோ சற்று மேலுக்கோ வாங்கக்கூடிய சிறு மீற்றரால் அளந்தறியலாம். இரவு முழுதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அளவு இருந்தால் நிறைவு. 12 வோல்டுக்கு வந்துவிட்டால் ஏறத்தாழ வெறுமை. எஞ்சின் ஓடும்போது 14 வோல்டை ஒட்டி நின்றால் மின் ஊட்டம் நன்று.

நான்காவது பிரேக் விளக்கு. வட்டத்துள் ஆச்சரியக்குறி. கைப் பிரேக் இறக்கப்படாதிருப்பினும் எரியும். அதை முதலில் பாருங்கள். இறக்கியும் எரிந்தால் பிரேக் எண்ணெய் குறைந்துள்ளது. அது எங்கோ ஒழுகியிருக்க வேண்டும். அல்லது பிரேக் கட்டைகள் தேய்ந்து எண்ணெய் கீழிறங்கியிருக்க வேண்டும். இதுவும் இறக்கத்து வளைவுகளில் மின்னி மின்னி அணையும். மின்னும்போதே பார்ப்பவர் புத்திமான். எண்ணெயை ஊற்றி விளக்கை அணைத்துவிட்டுக் காரணத்தைத் தேடாதவர், பல்பைக் கழற்றியவருக்கு உறவினரே.

பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 என்னும் வகை, புதிதாயிருக்கும்போது 205 பாகைக்குக் குறையாமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 பாகை வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் ஓயாது பிரேக்கை மிதித்தால் அது உள்ளே கொதித்துக் குமிழாகும். மிதி வெறுமனே தரையில் போய் நிற்கும். பனியும் மழையுமான நம் பிரதேசத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அதனை மாற்றுவது தகும்.

பெரியோர்களே, றம்பொடைப் பக்கம் இறங்கினாலும், நானுஓயாப் பக்கம் இறங்கினாலும் நமக்கு இறக்கமே. 2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயா ரதல்லைக் குறுக்குப் பாதையில் பேருந்தும் வானும் முச்சக்கர வண்டியும் மோதி ஏழு உயிர்கள் போயின. 2025 மே 11 ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்லவில் பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்விபத்துக்களின் காரணத்தைத் தீர்ப்பது நம் வேலையன்று. ஆனால் இப்பாதைகளில் பிழைக்கு இடமில்லை என்பதை அவை நமக்கு மறவாமற் சொல்லுகின்றன.

ஆதலின் பழைய லொறிச் சாரதிகளின் விதி இன்றும் விதியே: எந்தக் கியரில் ஏறுவாயோ, அந்தக் கியரில் இறங்கு. ஓட்டோ கியரில் எல், எஸ், பி என ஏதேனும் ஒரு தாழ்ந்த நிலை இருக்கும். அது இறக்கத்துக்காகவே வைக்கப்பட்டது. பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது நம் இளைஞரிடம் இன்னும் உள்ள பழக்கம். இன்றைய வண்டிகள் கியரில் இறங்கும்போது, மிதியிலிருந்து காலை எடுத்ததும் எரிபொருளைத் தாமே நிறுத்திக்கொள்கின்றன. நியூட்ரலில்தான் எஞ்சினை ஓட வைக்கப் பெற்றோல் செலவாகிறது. எஞ்சினையே அணைத்து உருட்டுவதோ தற்கொலைக்கு ஒப்பானது. பிரேக்குக்கு வலுவூட்டும் வெற்றிடம் ஓரிரு மிதியில் தீர்ந்து, மிதி கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும்.

மஞ்சள் விளக்குகளில் எஞ்சின் விளக்கே பலருடைய உறக்கத்தைக் கெடுப்பது. இது அமெரிக்க நகரங்களின் புகைத் தொல்லையிலிருந்து பிறந்தது. வண்டி தன் புகையைத் தானே கண்காணித்துப் பழுதைக் குறியீட்டு எண்ணாக எழுதி வைக்க வேண்டும் என்ற ஏற்பாடு அந்நாட்டில் 1996 முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாயிற்று. ஸ்டியரிங்கின் கீழ் 16 முனைகள் கொண்ட துளைப்பெட்டி இருக்கும். அதில் சிறு கருவியைச் செருகினால் கைத்தொலைபேசியிலேயே எண்ணைப் படிக்கலாம். விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிச் சென்று சில நாட்களுக்குள் காட்டலாம். பெற்றோல் தாங்கியின் மூடி சரியாக இறுகாததும் சில வண்டிகளில் காரணமாவதுண்டு. விளக்கு விட்டு விட்டு மின்னினால் கதை வேறு. எரியாத பெற்றோல் வெளியேறிப் புகைக் குழாயிலுள்ள வடிகட்டியைச் சுட்டழிக்கிறது. வேகத்தைக் குறைத்து நிறுத்துவதே நன்று. எண் என்பது நோயின் இடத்தைக் காட்டுமேயன்றி, எந்த உதிரிப்பாகத்தை வாங்க வேண்டும் என்று சொல்லாது. எண்ணைப் பார்த்ததும் பாகம் வாங்க ஓடாதீர்கள். அழித்துவிட்டு அமைதியடையவும் வேண்டா. காரணம் இருக்கும் வரை அது திரும்பி வரும்.

ஏபிஎஸ் என்ற எழுத்து மஞ்சளில் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். வழுக்கும் பாதையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் உதவி மட்டுமே இல்லை. சிவப்புப் பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டக் கூடாது. ஹைபிரிட் வண்டி வைத்திருப்போருக்கு ஒரே சொல்: செம்மஞ்சள் நிற உறையிட்ட வயர்களில் கை வைக்காதீர்கள். அதில் ஓடுவது உயிர் கொல்லும் மின்சாரம். அது பயிற்சி பெற்றவர் வேலை.

வண்டி வாங்கப் போகும் தம்பிமாருக்குச் சில வார்த்தைகள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வண்டியைப் பாருங்கள். நீங்கள் போகுமுன்பே பொனட் சூடாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள். சாவியைத் திருப்பி விளக்குகளை எண்ணுங்கள். காற்றுப்பை விளக்கு, எஞ்சினைக் கிளப்பாமலே சில விநாடிகளில் தானாக அணைய வேண்டும். எஞ்சின் கிளம்பும் போது எண்ணெய் விளக்கோடு சேர்ந்துதான் அணைகிறது என்றால், ஒன்றின் வயரை மற்றொன்றில் முடிந்திருக்கலாம். எஞ்சின் சத்தத்தை மறைக்கத் தடித்த எண்ணெய் ஊற்றுவதும் உண்டு. அதனால்தான் குளிர்ந்த எஞ்சினின் முதல் சத்தத்தைக் கேட்கச் சொல்லுகின்றோம். விற்பவர் எல்லாரும் வஞ்சகர் அல்லர். பலர் தாமும் அறியாமலே, தமக்கு விற்றவர் செய்ததை நமக்குக் கைமாற்றுகின்றனர்.

ஆயுத பூசையன்று நாம் வண்டியைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சங்காய் வைத்து நசுக்குகிறோம். நல்ல வழக்கம்; கருவியை மதிப்பவன் தொழிலை மதிப்பவன். ஆனால் பொனட்டின் மேல் சந்தனம் இட்ட நாம், பொனட்டைத் திறந்து எண்ணெயைப் பார்த்தோமா? அந்த நாளிலேனும் எண்ணெய், தண்ணீர், பிரேக் எண்ணெய், டயர்களின் காற்று ஆகிய நான்கையும் பார்த்தபின் மாலை சாத்துவோமாயின் பூசை நிறைவு பெறும் என்பது எமது தாழ்மையான கருத்து.

இனிச் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முன்றிலில் உள்ள சமதரைக்கு நமது வண்டிகளைக் கொண்டுவருவோம். எண்ணை வாசிக்கும் கருவி ஒன்றைச் சங்கப் பணத்தில் வாங்கிப் பொதுவில் வைப்போம். ஓய்வு பெற்ற சாரதிமாரும் தோட்டத்து ஸ்டோரில் இயந்திரம் பார்த்த அனுபவசாலிகளும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் காதால் அறிந்ததை நாம் ஏட்டில் எழுதிக்கொள்வோம். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கொப்பி இருக்கட்டும். எந்த விளக்கு, என்றைக்கு, ஏற்றத்திலா இறக்கத்திலா, சூட்டிலா குளிரிலா என்று ஒரு வரி எழுதி வைத்தால், பாஸிடம் போகும்போது "என்னவோ சத்தம் வருகிறது" என்று சொல்லி நிற்க வேண்டியதில்லை. அவருடைய நேரமும் மிச்சம். நமது பணமும் மிச்சம்.

கடிந்து சொல்வாரைத் துணையாகக் கொள்ளாத மன்னன், கெடுக்கும் பகைவர் இல்லாதபோதும் தானே கெடுவான் என்ற கருத்தை வள்ளுவப் பெருமான் பொருட்பாலிலே வைத்தார். எச்சரிக்கை விளக்கு அத்தகைய துணை. அது நம்மைப் பயமுறுத்த வரவில்லை. காலத்தோடு சொல்ல வந்திருக்கிறது. வண்டியில் மட்டுமா? "இப்படிச் செய்யாதே தம்பி" என்று சொல்லும் பெரியவரை நாம் விலக்குவதும், "ஐயா, இது பிழை" என்று சொல்லும் இளைஞனைப் பெரியோர் அடக்குவதும் பல்பைக் கழற்றும் வேலைதான்.

எமது நண்பனின் கார் இன்று மீண்டும் ஓடுகிறது. கடன் இன்னும் முடியவில்லை. அந்த எண்ணெய் விளக்குக்குப் புதிய பல்ப் போட்டாயிற்று. ஒவ்வொரு நாள் காலையிலும் அவன் சாவியை ஒரு படி திருப்பி, அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்த பின்பே எஞ்சினைக் கிளப்புகிறான். பின் ஆசனத்தில் இருந்து அவன் மருமகன் விரல் நீட்டி, "மாமா, வெளக்கு!" என்கிறான். ஒரு வயதும் சில மாதங்களும் ஆன அக்குழந்தை அறிந்துகொண்டதை நாமும் அறிந்துகொள்வோமாக.